பேய்க்கணவாய் பழகுமா?

கடற்கரைச் சாலையில் காலை நடைக்கு வரும் நண்பர்களில் மூன்று பேர் இந்த ஒரு மாதத்தில் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். "உங்க வீட்டுல ஆக்டோபஸ் வளர்த்தீங்களாமே சார், எப்படிப் பழக்கினீங்க? எங்க பேரனும் வேணும்னு நிக்கிறான்." மூன்றாவது நண்பர் ஒரு படி மேலே போய், "அதை விவரமா எழுதிப் போடுங்களேன், நாலு பேருக்கு உபயோகமா இருக்கும்" என்றார்.

எழுதுகிறேன். ஆனால் அவர் கேட்ட கட்டுரை இது இல்லை. வீட்டுத் தொட்டியில் ஆக்டோபஸ் வளர்க்கக் கூடாது என்பது என் கட்சி. தொலைக்காட்சியில் பார்த்துவிட்டுப் பேசுகிறவன் இல்லை நான். ஏழு மாதம் அதற்கு வேளாவேளைக்கு நண்டு போட்டவன். அந்த உரிமையில் சொல்கிறேன்.

நம் மீனவர்கள் அதைப் பேய்க்கணவாய் என்பார்கள். நானும் அப்படியே சொல்லிவிட்டுப் போகிறேன்.

அது எங்கள் வீட்டுக்கு வந்தது 2024 ஆகஸ்டில். பொறியியல் படிக்கும் என் பேரன் ஏற்கெனவே உப்புநீர்த் தொட்டி ஒன்று வைத்து, கோமாளி மீன் இரண்டு வளர்த்துக்கொண்டிருந்தான். அந்தச் சமயம் ஒரு படம் பார்த்தான். 'மை ஆக்டோபஸ் டீச்சர்' என்று தென்னாப்பிரிக்காவில் எடுத்த விவரணப் படம். 2021-ல் ஆஸ்கார் வாங்கியது. பார்த்த நாளிலிருந்து அவனுக்குப் பேய்க்கணவாய் பைத்தியம். எங்கேயோ விசாரித்து, சென்னையில் ஒரு கடையில் சொல்லிவைத்து வாங்கிவந்துவிட்டான். விலையைக் கேட்டு எனக்குத் தலை சுற்றியது. 1973-ல் நான் வேலைக்குச் சேர்ந்தபோது வாங்கிய சம்பளத்தில் அதை வாங்க ஒன்றரை வருஷம் ஆகியிருக்கும்.

பிள்ளையைக் குறை சொல்ல முடியாது. எல்லாவற்றையும் முறையாகத்தான் செய்தான். நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத்தில் தனித் தொட்டி. சுமார் 250 லிட்டர் பிடிக்கும். அதில் மூன்று மாதம் வெறும் தண்ணீரை ஓடவிட்டு, கழிவைத் தின்னும் நுண்ணுயிர்கள் வளர்ந்த பிறகுதான் ஆளை இறக்கினான். உப்பளவு பார்க்க ஒரு கருவி, தண்ணீரைக் குளிர வைக்க ஒரு யந்திரம், நுரை பிரிக்க ஒரு யந்திரம். செம்பு கலந்த எதுவும் தண்ணீரில் படக் கூடாது என்று எங்களுக்குக் கண்டிப்பான உத்தரவு. இதிலே ஒரு வேடிக்கை பாருங்கள். பேய்க்கணவாய்க்கு இதயம் மூன்று, இரத்தம் நீல நிறம். இரத்தத்தில் நமக்கு இரும்பு செய்யும் வேலையை அதற்குச் செம்பு செய்கிறது. ஆனால் அதே செம்பு தண்ணீரில் கொஞ்சம் கலந்தாலும் அது செத்துப்போகும்.

பையோடு வந்த தண்ணீரில் தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகக் கலந்து இரண்டு மணி நேரம் கழித்து உள்ளே விட்டான். உள்ளங்கை அகல உடம்பு, கபில நிறம். விட்டதுதான் தாமதம், மூலையில் வைத்திருந்த மண் கலயத்துக்குள் புகுந்துகொண்டது. மூன்று நாள் வெளியே தெரிந்தது ஒரு கண் மட்டும். ஐந்தாம் நாள் இரவு போட்ட நண்டு, காலையில் வெறும் ஓடாகக் கிடந்தது. பேரன் கல்லூரி விடுதிக்குப் போய்விட்டான். பகலெல்லாம் வீட்டில் இருப்பவன் நான்தானே, பொறுப்பு எனக்கு வந்தது. கடற்கரைப் பாறைகளுக்கு இடையே சிறு நண்டு பிடித்துத் தரும் பையன் ஒருவனை ஏற்பாடு செய்தேன். பன்னிரண்டாம் நாள் அது என் கையிலிருந்து நண்டை வாங்கிக்கொண்டது. ஒரு கை நீண்டு வந்து என் சுண்டு விரலைச் சுற்றியது. சிறு சிறு முத்தம் போல உறிஞ்சிகள் ஒட்டி ஒட்டி விட்டன. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஆணா பெண்ணா என்று தெரியாது. உட்கார்ந்திருந்த தோரணையைப் பார்த்து அதற்கு 'மதாம்' என்று பெயர் வைத்தேன்.

வீட்டுக்காரியைக் கூப்பிட்டுப் பெருமையாகச் சொன்னேன்: "பார்த்தியா, பழகிடுச்சு!"

அவள் தொட்டியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "பழகலைங்க. வேற வழி இல்லைன்னு தெரிஞ்சுக்கிச்சு. 1976-ல நான் இந்த வீட்டுக்கு வந்த புதுசுல என்னையும்தான் உங்க அம்மா எல்லாருகிட்டயும் 'பழகிட்டா'ன்னு சொல்லிட்டிருந்தாங்க" என்றாள். சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டாள்.

ஐம்பது வருஷ தாம்பத்தியத்தில் அவள் இப்படி ஒரு வாக்கியம் சொல்லி நான் கேட்டதில்லை. அன்று நான் அதைச் சிரித்துக் கடந்தேன். இப்போது எழுத உட்கார்ந்தால் அதுதான் முதலில் வந்து நிற்கிறது.

பேய்க்கணவாயை எனக்குச் சின்ன வயதிலேயே தெரியும், புத்தகத்தில். பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்த எங்களுக்கு அதன் பெயர் 'பியேவ்ர்'. அந்தச் சொல்லைப் பிரெஞ்சுக்காரர்களுக்கே பிரபலமாக்கியவர் விக்தர் ஹ்யூகோ. நாடு கடந்து கேர்ன்சி தீவில் இருந்தபோது, அங்கே மீனவர்கள் பேசிய சொல்லை எடுத்து 1866-ல் வந்த தம் கடல் நாவலில் போட்டார். கதாநாயகன் ஜில்லியாவைப் பாறைக் குகையில் அது சுற்றிப் பிடிக்கும் கட்டத்தை வாத்தியார் வாசித்துக் காட்டிய பிறகு, எங்கள் வகுப்பில் பாதிப் பேர் பல நாள் கடலில் கால் நனைக்கவில்லை. அவருக்கு அது அரக்கன். அதற்கும் ஈராயிரம் வருஷத்துக்கு முன்னால் அரிஸ்டாட்டில் அதை முட்டாள் பிராணி என்று எழுதிவைத்தார். காரணம், தண்ணீரில் மனிதன் கையை விட்டால் அது கையை நோக்கி வருமாம். நான் கையை விட்டேன், அதுவும் வந்தது. அவர் முட்டாள்தனம் என்றார், நான் பாசம் என்று நினைத்தேன். இரண்டுமே கையின் பக்கத்திலிருந்து பார்த்துச் சொன்னவை.

இனி, வளர்க்கலாம் என்பவர்கள் சொல்லும் நியாயங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன். முப்பத்தைந்து வருஷம் கோப்பு எழுதிய கை, எண் போட்டால்தான் ஓடும்.

1. "கலயம் வைத்ததும் தானே போய் உட்கார்ந்துகொண்டது, அதற்கு இடம் பிடித்துவிட்டது."

பேய்க்கணவாய் மெல்லிய உடம்புக்காரன். ஓடு கிடையாது, எலும்பு கிடையாது. இருட்டுப் பொந்து எங்கே கண்டாலும் நுழையும். இராமநாதபுரம் பக்கம் பெரிய சங்குக் கூடுகளைக் கயிற்றில் வரிசையாகக் கட்டிக் கடலில் இறக்குவார்கள். வீடு என்று நம்பி உள்ளே போய் உட்காரும், கயிற்றைத் தூக்கினால் அகப்படும். மத்தியதரைக் கடலில் பழங்காலம் தொட்டு மண் ஜாடி, ஜப்பானிலும் ஜாடிதான். 'டாகோட்சுபோ' என்று ஓர் இருதய நோய் உண்டு. திடீர்த் துக்கத்தில் இதயம் அடி பெருத்துப் போகும். அதன் வடிவம் இந்த ஜாடியைப் போல இருப்பதால் ஜப்பானிய வைத்தியர்கள் வைத்த பெயர் அது. ஆக, கலயத்துக்குள் போனதை வைத்து அதற்கு நம் வீடு பிடித்துவிட்டது என்று முடிவு கட்டக் கூடாது. அது பயந்தாலும் அங்கேதான் போகும்.

2. "அது ஆளை அடையாளம் கண்டுகொள்ளும், அவ்வளவு புத்திசாலி."

உண்மை. இதை நான் மறுக்கவே மாட்டேன். அமெரிக்காவில் சியாட்டில் மீன் காட்சியகத்தில் ஒரு பரிசோதனை செய்து 2010-ல் வெளியிட்டார்கள். ஒரே மாதிரிச் சீருடை போட்ட இரண்டு பேர். ஒருவர் தீனி போடுவார், மற்றவர் சொரசொரப்பான குச்சியால் தொட்டுத் தொந்தரவு செய்வார். இரண்டு வாரத்தில் பேய்க்கணவாய்கள் எவர் யார் என்று பிரித்துக்கொண்டன. ஜெர்மனியில் கோபுர்க் நகரக் காட்சியகத்தில் ஓட்டோ என்று ஒன்று, மேலே எரிந்த விளக்கு பிடிக்காமல் தண்ணீரைப் பீய்ச்சி மின்சாரத்தையே நிறுத்தியதாக 2008-ல் செய்தி வந்தது. சாதாரண வகைப் பேய்க்கணவாய்க்கு நரம்பணுக்கள் சுமார் 50 கோடி. அதில் மூன்றில் இரண்டு பங்கு கைகளில் இருக்கிறது. தொட்டுத் தொட்டே உலகத்தை அறிகிற பிராணி.

சரி, இவ்வளவு புத்தி உள்ளதை நாலடிக் கண்ணாடிக்குள் எதற்கு வைக்கிறோம்? மதாம் முதல் மாதத்திலேயே தொட்டியிலிருந்த ஒவ்வொரு கல்லையும் புரட்டிப் பார்த்து முடித்துவிட்டாள். பிறகு தினம் அதே கற்கள். மூடி போட்ட ஜாடிக்குள் நண்டை வைத்துக் கொடுத்தோம். மூன்றாம் முறையே சில நிமிஷத்தில் திறந்தாள். பேரன் படம் பிடித்து எல்லோருக்கும் அனுப்பினான். மீதி இருபத்து மூன்றே முக்கால் மணி நேரம் அவள் என்ன செய்வாள் என்று எவரும் கேட்கவில்லை. என்னை அடையாளம் தெரியும் என்பது உண்மையானால், இந்தச் சுவர்களும் அவளுக்கு அடையாளம் தெரிந்திருக்கும்.

அந்த மூடியைப் பற்றியும் சொல்லவேண்டும். பேய்க்கணவாய் வளர்க்க முதல் தேவை மூடி என்று எல்லோரும் சொல்வார்கள். உடம்பில் கெட்டியானது கிளி மூக்கு போன்ற அலகு ஒன்றுதான். அலகு நுழையும் சந்து கிடைத்தால் மொத்த உடம்பும் நுழைந்துவிடும். நியூசிலாந்து நேப்பியர் நகரில் இங்கி என்ற பேய்க்கணவாய், மூடி சற்றே விலகியிருந்த ஓர் இரவில் இறங்கித் தரையில் நகர்ந்து, 50 மீட்டர் நீள வடிகால் குழாய் வழியாகக் கடலுக்கே போய்ச் சேர்ந்தது. 2016-ல் உலகமெல்லாம் அதைப் படித்துக் கைதட்டினோம். எங்கள் வீட்டில் மூடிக்குக் கொக்கி போட்டு, குழாய்ச் சந்தில் பஞ்சு அடைத்து, மேலே இரண்டு செங்கல்லும் வைத்திருந்தோம். நாய்க்கு வாசல் கதவைத் திறந்து விட்டால் சாயங்காலம் வீடு திரும்பும். செங்கல் வைத்துக் காப்பாற்ற வேண்டிய ஒன்றைச் செல்லப்பிராணி என்று எந்த வாயால் சொல்வது?

3. "கடலில் பெரிய மீன் தின்றுவிடும். நம்மிடம் பத்திரமாக இருக்கும்."

2024 நவம்பர் 30. ஃபெஞ்சல் புயல். ஒரே நாளில் 46 சென்டிமீட்டர் மழையை நம் ஊர் வாங்கிய ராத்திரி. உங்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. எங்கள் தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர், மின்சாரம் இல்லை. இன்வெர்ட்டர் சில மணி நேரத்தில் படுத்துவிட்டது. பம்பு நின்றால் தண்ணீரில் காற்று குறையும், மதாம் மூச்சு முட்டிச் சாவாள். பேட்டரியில் ஓடும் சின்னக் காற்றுப் பம்பு ஒன்றைப் பேரன் வாங்கி வைத்திருந்தான். அதுவும் விடிகாலையில் நின்றது. 73 வயதில் நானும், முட்டி வலியோடு என் மனைவியும், டார்ச் லைட்டை வைத்துக்கொண்டு குவளையால் தொட்டித் தண்ணீரை மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டிருந்தோம். மாற்றி மாற்றி, மதியம் வரைக்கும். மதாம் கலயத்தின் வாயில் வெளிறிப்போய் உட்கார்ந்திருந்தாள்.

பிழைத்துக்கொண்டாள். ஆனால் அன்றைக்கு எனக்கு ஒன்று புரிந்தது. நடந்துபோகும் தூரத்தில் கடல் கொந்தளித்துக்கொண்டிருந்தது. அதன் அடியில் அவள் இனத்தார் பாறைச் சந்துகளில் இருந்திருப்பார்கள். அவர்களுக்கு மின்சாரம் வேண்டாம், எங்கள் குவளையும் வேண்டாம். பத்திரம் என்று நாங்கள் கொடுத்தது ஒரு மின்கம்பியில் தொங்கிய பத்திரம்.

இன்னொன்று. சாதாரண வகையில் ஒரு தாய் இலட்சக்கணக்கில் முட்டையிடும். குஞ்சுகள் அரிசி மணி போலக் கடலில் மிதந்து அலையும், அனேகமாக எல்லாமே இரையாகிப்போகும். ஏதோ ஓரிரண்டு தப்பி வளரும். விற்பனைக்கு வருபவை அனேகமாக எல்லாம் கடலில் பிடித்தவைதான். அப்படித் தப்பி வளர்ந்ததைப் பிடித்து வந்து வைத்துக்கொண்டு, 'நான் காப்பாற்றுகிறேன்' என்கிறோம்.

4. "குழந்தைகளுக்கு அறிவு வளரும்."

பேரனின் சிநேகிதர்களும் தெருப் பிள்ளைகளும் வந்து பார்த்தார்கள். வந்தவர்கள் எல்லோரும் செய்தது ஒன்றே: கண்ணாடியைத் தட்டினார்கள். "நிறம் மாறுமாமே தாத்தா, மாத்தச் சொல்லுங்க." தட்டினால் அவள் பயந்து வெளிறுவாள். "ஐ, மாறிடுச்சு!" என்று கத்துவார்கள். பயத்தை வேடிக்கை பார்க்கக் கற்றுக்கொண்டார்கள், அவ்வளவுதான் வளர்ந்த அறிவு.

பேரனை இதற்கெல்லாம் தூண்டிய அந்தப் படத்தை நானும் உட்கார்ந்து பார்த்தேன். அந்த மனிதர், கிரெய்க் ஃபாஸ்டர், நாள் தவறாமல் குளிர்ந்த கடலில் இவர்தான் மூழ்கிப் போனார், ஏறக்குறைய ஒரு வருஷம். பேய்க்கணவாய் இருந்த இடத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வீடு திரும்பினார். அதைப் பிடித்து வீட்டுக்குக் கொண்டுவரவில்லை. படத்தின் பாடமே அதுதான். அதைப் பார்த்துவிட்டுக் கடைக்கு ஓடினால் என்ன சொல்வது?

ஆபத்தையும் சொல்லிவிடுகிறேன். நீல வளையப் பேய்க்கணவாய் என்று ஒரு சிறு வகை உண்டு. கைக்குள் அடங்கும், பார்க்க அழகு. கடித்தால் வலிகூடத் தெரியாமல் போகலாம். அதன் விஷத்துக்கு மாற்று மருந்து கிடையாது. விற்ற கடைக்காரரிடம் இது எந்த வகை என்று பேரன் கேட்டதற்கு, "சின்ன வகை" என்றாராம்.

5. "நீங்கள் கணவாய் வறுவல் சாப்பிடுவீர்களே?"

இதை என் பேரனே கேட்டான். "நம்ம வீட்டுக்கு வரலேன்னா அது மீன் கடைக்குத்தான் போயிருக்கும் தாத்தா." இதுதான் இருப்பதிலேயே கனமான கேள்வி. ஆமாம், சாப்பிடுவேன், அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? அதைக் கொல்வதை நான் பரம்பரையாக ஏற்றுக்கொண்டிருக்கிறேன். அதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. ஆனால் வலையில் படுவது ஒரு நாள் கஷ்டம், தொட்டியில் இருப்பது ஆயுள் முழுவதும். பசிக்குத் தின்பவன் அதை நேசிப்பதாகச் சொல்லிக்கொள்வதில்லை. நாம் நேசிக்கிறோம் என்று சொல்லிக்கொண்டு அடைத்து வைக்கிறோம். அந்தப் பொய்யைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

நம் தலைமுறைக்கு இது புதிதில்லை. எங்கள் அப்பா காலத்தில் திண்ணையில் கிளிக்கூண்டு தொங்காத வீடு குறைவு. "கிளி எங்க வீட்டுப் பிள்ளை" என்போம், அதன் இறகையும் வெட்டிவிடுவோம். இன்றைக்கு நம் நாட்டுப் பச்சைக்கிளியைக் கூண்டில் வைப்பது சட்டப்படி குற்றம். கிளி விஷயத்தில் திருந்துவதற்கு நமக்கு அவ்வளவு காலம் பிடித்தது.

சட்டம் என்றதும் குமாஸ்தா புத்தி. 1960-ம் வருஷத்து மிருகவதைத் தடைச் சட்டத்தை எடுத்துப் பார்த்தேன். பிரிவு 2-ல், 'விலங்கு' என்றால் மனிதன் தவிர்ந்த எந்த உயிருள்ள ஜந்துவும் என்று இருக்கிறது. ஆகவே பேய்க்கணவாயும் அதில் சேர்ந்தது. பிரிவு 11-ல், நீள அகல உயரத்தில் நியாயமாக நடமாட இடமில்லாத கூண்டிலோ கலத்திலோ விலங்கை அடைப்பது வதை என்று இருக்கிறது. தண்டனை? முதல் குற்றத்துக்கு 10 ரூபாய்க்குக் குறையாமல், 50 ரூபாய்க்கு மேற்படாமல் அபராதம். நடைக்குப் போய்விட்டு இரண்டு பேர் டிபன் சாப்பிட்டால் அதைவிட அதிகம் ஆகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2010-லேயே ஆய்வுக்கூடப் பிராணிகள் பாதுகாப்பில் கணவாய் இனத்தைச் சேர்த்துவிட்டது. பிரிட்டன் 2022-ல் இவை வலியும் உணர்வும் உள்ள ஜீவன்கள் என்று சட்டத்திலேயே எழுதியது. கலிஃபோர்னியா 2024-ல் பேய்க்கணவாய்ப் பண்ணைகளைத் தடை செய்தது. விரும்பித் தின்கிற தேசங்கள் இவை. அவர்களே இவ்வளவு தூரம் வந்திருக்கிறார்கள்.

எண் போட்டு எழுதியது முடிந்தது. மதாம் கதையின் மீதியைச் சொல்லவேண்டும்.

2010 உலகக் கோப்பைக் கால்பந்து ஞாபகம் இருக்கிறதா? ஜெர்மனியில் பால் என்ற பேய்க்கணவாய் எந்த அணி ஜெயிக்கும் என்று பெட்டியைத் திறந்து சொன்னது. நம் ஊரிலும் டீக்கடைகளில் அதே பேச்சு. ஜூலை 11-ல் ஸ்பெயின் கோப்பையை வாங்கியது, அக்டோபரில் பால் செத்துப்போனது. யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்று அன்று சொன்னார்கள். விஷயம் அதுவல்ல. இந்த ஜாதிக்கு ஆயுளே அவ்வளவுதான். பெரும்பாலான வகைகள் ஒரு வருஷம், இரண்டு வருஷம். சின்ன வகைகளுக்கு ஒரு வருஷம்கூட இல்லை. கடையில் வாங்கும்போது அதில் எவ்வளவு தீர்ந்துவிட்டது என்று யாருக்கும் தெரியாது.

ஜனவரி கடைசியில் மதாம் கையிலிருந்து நண்டு வாங்குவதை நிறுத்தினாள். கற்களை ஒவ்வொன்றாக இழுத்துக் கலயத்தின் வாயை அடைத்தாள். நாலு நாள் கழித்து டார்ச் அடித்துப் பார்த்தேன். உள்ளே கலயத்தின் கூரையில் சரம் சரமாக முட்டைகள், வெள்ளைப் பாசிமணி கோத்தது போல. அப்போதுதான் அவள் பெண் என்று உறுதியானது. பேரனுக்குப் போன் செய்தேன். அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அவ்வளவுதான் தாத்தா. இனிமே சாப்பிடாது" என்றான்.

சாப்பிடவில்லை. நண்டை அருகில் விட்டால் கையால் தள்ளிவிட்டாள். இரவும் பகலும் முட்டைகளைத் தடவி, தண்ணீரைப் பீய்ச்சிக் காற்று கொடுத்துக்கொண்டிருந்தாள். அவை பொரியவே போவதில்லை. துணை இல்லாத தொட்டியில் இட்ட முட்டைகள். எங்களுக்குத் தெரியும், அவளுக்குச் சொல்ல முடியாது. கடலிலும் முட்டை பொரிந்ததும் தாய் சாகும் என்கிறார்கள். ஆனால் அங்கே அவள் கடைசி மூச்சோடு ஆயிரமாயிரம் உயிர்கள் தண்ணீரில் கிளம்பிப்போகும். இங்கே கலங்கிப்போன முட்டைகளுக்கு நாற்பது நாள் காவல் இருந்தாள். தோல் வெளுத்தது, கைநுனிகள் கரைந்தன. மார்ச்சில் ஒரு காலை, கலயத்துக்கு வெளியே கிடந்தாள்.

என் மனைவிதான் அவளை ஒரு பழைய வெள்ளைத் துணியில் எடுத்தாள். விடியும் முன் இருவரும் பாறைகளைத் தாண்டிப் போய் அலையில் விட்டோம். ஏழு மாதம் கழித்துத் திருப்பிக் கொடுத்தோம், அவ்வளவு தாமதமாக. திரும்பி வரும்போது அவள் ஒன்றும் சொல்லவில்லை. நான்தான் கேட்டேன், "நீ பழகினியா, இல்லை வேற வழி இல்லாமலா?" "இத்தனை வருஷம் கழிச்சா கேக்கறீங்க?" என்றாள். வீடு வரும்வரை அதற்கு மேல் பேச்சில்லை.

ஆகவே நடை நண்பர்களே, எப்படிப் பழக்குவது என்று கேட்டீர்கள். என் பதில் இதுதான். தொட்டி வாங்காதீர்கள். கடைக்காரர் கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள், நாலு பேர் கேட்காவிட்டால் அவரும் வரவழைக்க மாட்டார். ஏற்கெனவே வீட்டில் ஒன்று இருக்கிறதா? அது எந்தக் கடலில் பிடித்தது என்று தெரியாமல் நம் கடலில் கொண்டு விடாதீர்கள், இருக்கும் வரை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். கண்ணாடியைத் தட்ட யாரையும் விடாதீர்கள். அது போன பிறகு இரண்டாவது வாங்காதீர்கள்.

பேரன் அழுதால் கையைப் பிடித்து வம்பாகீரப்பாளையத்துக்குக் கூட்டிப்போங்கள். காலையில் படகுகள் வரும்போது வலை உதறுவதைக் காட்டுங்கள். பேய்க்கணவாயைப் பற்றி எங்களைவிட அதிகம் தெரிந்தவர்கள் அங்கே இருக்கிறார்கள், கேட்டால் சொல்வார்கள்.

என் பேரன் இன்னும் முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை. அடுத்த முறை இன்னும் பெரிய தொட்டி வைத்தால் சரியாக வரும் என்கிறான். அந்த நாலடித் தொட்டி இப்போது காலியாக மாடிப்படி ஓரத்தில் நிற்கிறது. அதை விற்கலாமா என்று கேட்டான். விற்றால் இன்னொருவர் அதில் இன்னொன்றை விடுவார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். என் மனைவி அதில் மண் நிரப்பிப் புதினா போட்டிருக்கிறாள். மூடியைக் கழற்றியாயிற்று.